நாலு விரல்

சேதராப்பட்டில் எங்கள் சோப்புக் கம்பெனி.
ஆறு மணி ஷிப்டு விட்டால்
வில்லியனூர் பஸ் முழுக்கச் சந்தன வாசம்.
கண்டக்டர் முகம்கூடப் பார்க்காமல்
'பத்துக்கண்ணா?' என்று டிக்கெட் கிழிப்பார்.

கேன்டீன் சுவரில் ஒரு பெட்டி இருந்தது.
'உங்கள் யோசனைகள்' என்று நீல எழுத்து.
'யோ' உதிர்ந்துபோய்
வெறும் சனைகள்.
நான் புரொடக்‌ஷன் மேனேஜர்.
ஒன்பது வருஷமாய் அதைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போகிறேன்.
சாவி யாரிடம் என்று கேட்டதில்லை.

ஆடிட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவன் அதைக் கழற்ற,
கீழ்ப்பலகை கையோடு வந்துவிட்டது.
விழுந்தவை:
மண்ணாலான ஒரு குளவிக்கூடு,
'பாத்ரூமில் பக்கெட் இல்லை' மூன்று,
என்னைப் பற்றி ஒன்று
(அதை இங்கே சொல்லப்போவதில்லை),
பிறகு சோப்பு உறைகளின் வெள்ளைப் பக்கத்தில்
பதினோரு சீட்டுகள், ஒரே கையெழுத்து.

'பெல்ட்டை நாலு விரல் உயர்த்தினால்
குனிய வேண்டாம்.'

'குனிவதை எண்ணிப் பார்த்தேன்.
ஒரு ஷிப்டுக்கு இரண்டாயிரத்து நானூறு.'

மூன்றாவதில் படம்.
பெல்ட்டின் கால், அதற்கடியில் பேலட் கட்டை,
அளவு காட்ட ஒரு கை.
கைக்கு வளையல்கூடப் போட்டிருந்தது பேனா.

எட்டாவது:
'பதில் வராததால் அளவு தப்போ என்று
மறுபடி அளந்தேன். தப்பில்லை.'

கடைசிச் சீட்டுக்கு இரண்டு வருஷம் ஆகிறது:
'செலவு இல்லை. கட்டை குடோனுக்கு வெளியே
மழையில் நனைகிறது.'

வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன்.
'ல'வை நத்தையாகச் சுருட்டுகிற ஒருத்தி,
பேக்கிங், மூன்றாம் டேபிள்,
லூர்துசகாயம்.

ஏப்ரனில் கை துடைத்தபடி வந்தவள்
சீட்டைப் பார்த்ததும்
'நான் இல்ல சார்' என்றாள்.
என் ஒன்பது வருஷத்துக்கு
யாரும் இவ்வளவு சுருக்கமாய் ரிப்போர்ட் எழுதியதில்லை.

'ரொம்ப நல்லா இருக்கு' என்றேன். நம்பவில்லை.
'பாராட்டுகள்.' இன்னும் பயந்தாள்.
'சரியா வருமா?' என்று கேட்டேன்.
அப்போதுதான் நிமிர்ந்தாள்.
'ரெண்டாவது காலுகிட்ட தரை சரிவு சார்.
அங்க மட்டும் நாலரை.'

லைனை நிறுத்தச் சொன்னேன்.
ஃபிட்டர் கலியபெருமாள் என்னைப் பார்த்தார்,
நான் அவளைப் பார்த்தேன்,
அவர் அவள் பக்கம் திரும்பி
'எங்கம்மா வைக்கணும்?' என்றார்.

பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை.
லோடிங் ரஃபீக், வணக்கத்துக்குமேல் பேசாதவன்,
லாரி ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தான்.
மட்டப்பலகை தேடி ஸ்டோருக்கு ஆள் ஓடும்போதே
ஐந்தாம் டேபிள் குணவதி
பெல்ட்டின்மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துக்
கண்ணைச் சுருக்கி
'இன்னும் ஒரு நூல்' என்றாள்.
நாற்பது நிமிஷம்.
அதில் பத்து, நான் குறுக்கே நின்றதால்.

பெட்டியைத் திரும்ப மாட்டவில்லை.
ஆணி மட்டும் இருக்கிறது,
யாரோ குடை மாட்டுகிறார்கள்.

போன வாரம் கேபின் வாசலில் நிழல்.
கையில் சோப்பு உறை.
'பாய்லர் பக்கம் ஒண்ணு இருக்கு சார்,
நின்னுட்டே சொல்றேன்.'

எதிர் நாற்காலியில் குவிந்திருந்த ஃபைல்களை
ஒவ்வொன்றாய்த் தரையில் இறக்கினேன்.
அதன் மெத்தை பச்சை நிறம்.
எனக்கே அன்றுதான் தெரியும்.