பைகளைப் பற்றி

மூன்று வாரமாக மொண்டெவிடியோவில்
முப்பதுகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கப்பல் போலக் கட்டிய ஓட்டல்.
ஆறு கடலாகிவிட்ட கரையில்
வளைந்த மூக்கு, வட்டச் சன்னல்கள்,
மொட்டைமாடியில் கப்பல் கைப்பிடி.
தொண்ணூறு வருடத்தில் ஒரு கெஜம் நகரவில்லை.
மார்ச்சில் மறுபடி திறக்கிறார்கள்.
பதினெட்டுப் பணியாளர்களுக்கு உடுப்பு என் பொறுப்பு.
"அந்தக் காலம் தெரியணும்" என்றார்
முதலாளி லிசாண்ட்ரோ பெரேத்தா.
யாருடைய காலம் என்று நான் கேட்கவில்லை.

நோட்டுப் புத்தகத்தில் திருடினேன்:
படிக்கட்டின் வளைவைக் காலருக்கு,
முகப்பில் ஓடும் மூன்று வரியைக் கைமுனைக்கு,
லிஃப்டுக் கதவின் பித்தளை விசிறியை
முதுகு மடிப்புக்கு.
நிறம் சுவரிலேயே இருந்தது.
பிளேடால் சுரண்டினேன்,
நான்காவது பூச்சில் வந்தது,
அதிகம் வெந்த முட்டையின் மஞ்சளைச் சுற்றிப்
படியுமே ஒரு சாம்பல்பச்சை,
அது.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்
அக்குளில் வெந்நீர்க் குடுவையை இடுக்கியபடி
மாத்தே உறிஞ்சிக்கொண்டிருந்தார் வாஷிங்டன்
(இங்கே ஆண்களுக்கு அப்படியும் பெயர் உண்டு).
துருப்பிடித்த தையல் மிஷின்களுக்கு அடியிலிருந்து
ஒரு லிஃப்டுப் பையனின் கோட்டை உருவினார்.
அதே ஓட்டல், அதே விசிறி, பித்தானில்.
எண்ணூறு பேசோ என்றார்.
அறுநூற்றைம்பதில் படிந்தது.

அறைக்கு வந்து மேசையில் விரித்தேன்.
கழுத்தில் எண்ணெய்ப்பிசுக்கு.
உள்பட்டையில் மசியில் ஒரு பெயர்,
ஒலிவேரா என்று மட்டும் படிக்க முடிந்தது.
பையில் கைவிட்டேன்.
விரல் போகவில்லை.

மூடி இருக்கிறது, பித்தான் இருக்கிறது,
வாய் தைத்திருக்கிறது.
புதுக்கோட்டில் கடைக்காரர் பிரித்துத் தரும்
ஓட்டுத்தையல் என்று முதலில் நினைத்தேன்.
இல்லை. இரட்டை நூல். நெருக்கமான கண்கள்.
நான்கு பையும்.

மறுநாள் கட்டிட வரைபடத்தோடு
வட்டச் சன்னல்களை எண்ணினேன்.
வெளியே பதினொன்று.
உள்ளே ஒன்பது.
மிச்சம் இரண்டைத் தேடிப்
பின்கட்டுப் படிகளில் ஏறினேன், செல்போன் வெளிச்சத்தில்.
பெட்டி தூக்குகிறவர்களும் விரிப்பு துவைக்கிறவர்களும்
ஏறி இறங்கிய படி அது.
தோள் பட்டுப் பட்டுச் சுவர் பளபளத்துக் கிடந்தது.
சன்னல் இருக்க வேண்டிய இடத்தில்
வெறும் செங்கல்.
தெருவிலிருந்து பார்த்தால்
அங்கே கண்ணாடி மாதிரி நீலம் பூசியிருக்கிறார்கள்.

இரவு கோட்டைப் பிரித்தேன்.
பிரிக்காமல் அளவெடுத்திருக்கலாம், தொழில்முறையில் அதுதான் சரி.
இடது மார்புக்கு உள்ளே, புறணித் துணியில்
இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கீறல்.
ஓரம் பிசிறாமல் வெள்ளை நூலால்
யாரோ கையால் சுற்றித் தைத்திருந்தார்,
கோணல்மாணலாக, தையல் தெரியாத கை.
உள்ளே ஒன்றுமில்லை.
துணியில் மட்டும் வட்டமாக ஒரு தேய்வு.
காசோ, கடிகாரமோ,
குழந்தைக்கு வாங்கிய மிட்டாய் டப்பியோ.
எனக்குத் தெரியாது,
தெரிந்ததாக வரையவும் முடியாது.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பெரேத்தா
பென்சிலால் தட்டினார்:
"பை எதற்கு? கோடு கெடும்.
மூடி மட்டும் போதுமே, அந்தக் காலம் மாதிரி."
அந்தக் காலம் மாதிரிதான் என்றேன்.
கோட்டை மேசைமேல் வைத்தேன்.
கொஞ்ச நேரம் பித்தானைத் தடவினார்,
பிறகு துணிச் செலவைப் பற்றிப் பேசினோம்.
இரண்டு பைக்கு ஒப்புக்கொண்டார்.
நான்கு கேட்டிருந்தேன்.
பூசிய சன்னல்களைத் தொடவே கூடாதாம்,
முகப்பு பாதுகாக்கப்பட்ட சின்னம்.

நேற்று முதல் உடுப்பைப் போட்டுப் பார்த்தோம்.
வரவேற்பு மேசையின் மாரிசெல்,
உயரம் அதிகம், கையை ஒரு அங்குலம் நீட்ட வேண்டும்.
நிலைக்கண்ணாடியைத் துடைத்து வைத்திருந்தேன்,
காலரின் வளைவைப் பார்க்கட்டும் என்று.
பார்க்கவில்லை.
போட்டதும் இரண்டு கையையும்
மணிக்கட்டு வரை பைக்குள் விட்டு
பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல
ஒரு காலில் சாய்ந்து நின்றாள்.
"ஆழமாத்தான் இருக்கு" என்றாள்.

வாயில் குண்டூசிகளோடு
தலையை ஆட்டினேன்.