அண்ணாந்து

தாராவியில் ஏறி தாதரில் இறங்குவதற்குள்
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு
புளிசாதத்தைப் பாதி தின்று முடித்திருந்தது.

நினைவுக்கூடத்து வாசலில்
செருப்பை விடச் சொன்னார்கள்.
நாற்பத்தொரு ஜோடி.
எது எவருடையது என்று தெரியாமல் குவிந்து கிடந்தது.

வழிகாட்டி அண்ணன் இந்தியில் சொன்னான்.
பரிமளம் டீச்சர் தமிழில் சொன்னார்.
நடுவில் கொஞ்சம் தவறி விழுந்தது.
விழாமல் வந்தது இது:
மகாடு என்றொரு ஊர். அங்கே ஒரு குளம்.
ஆடு குடிக்கலாம், மாடு குடிக்கலாம்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு, மார்ச் மாதம்,
குடிக்கக் கூடாதவர்கள் நடந்து போய்க்
குடித்தார்கள்.

"தண்ணி குடிச்சதுக்கா டீச்சர் படம் வச்சிருக்காங்க?"
கடைசி வரிசையிலிருந்து சேர்மராஜ்.
சிலர் சிரித்தார்கள்.
"ஆமாண்டா" என்றார் டீச்சர்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி.

படத்தில் அவர்கள் குனிந்திருந்தார்கள்.
கை கிண்ணமாக,
வாய் கைக்குள்.

வெளியே வந்ததும் வினாத்தாள்.
தீண்டாமையை ஒழித்த பிரிவு எது? (ஒரு மதிப்பெண்)
பதினேழு.
ஜெபக்கனி என்னைப் பார்த்து எழுதினாள்,
அல்லது நான் அவளைப் பார்த்து.

திரும்பும்போது
பஸ்ஸின் தகரம் கொதித்தது.
என் தண்ணீர் எப்போதோ தீர்ந்துவிட்டது.
ஜெபக்கனி தன் பாட்டிலை நீட்டினாள்.
ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு,
அவள் சீப்பு என் தலையில்,
என் ரிப்பன் அவள் சடையில்.

வாங்கினேன். அண்ணாந்தேன்.
உதட்டுக்கும் பாட்டிலுக்கும் நடுவே
நான்கு விரற்கடை.
எச்சில் படக் கூடாது, அவ்வளவுதான்.
எங்கள் வீட்டில் எல்லோரும் இப்படித்தான் குடிப்போம்.

ஆனால் போன வெள்ளிக்கிழமை
செந்தாமரையின் பாட்டிலில்
வாய் வைத்துத்தானே குடித்தேன்.

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.
மூக்கில் தண்ணீர், காலரில் தண்ணீர்,
மடியிலிருந்த வினாத்தாளில்
பதினேழு ஊறி நீலமாகப் பரவியது.

ஜெபக்கனி விழுந்து விழுந்து சிரித்தாள்.
"வாய வச்சுக் குடியேண்டி"
என்றாள், எப்போதும் சொல்வது போல.

எப்போதுமே சொல்லியிருக்கிறாள்.

பாட்டிலைக் கையில் வைத்திருந்தேன்.
கழுத்து தானாக மேலே போகப் பார்த்தது.
மூடியை விரலில் சுழற்றிக்கொண்டு
அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.
மாஹிம் சிக்னல்
இன்னும் சிவப்பில்.