அவித்த முட்டை மஞ்சள்

நவம்பர் கடைசியில் வார்டோவில்
சூரியன் கடையடைத்துவிட்டுப் போகும்.
என் கடை திறந்திருக்கும்.
தூண்டில் நரம்பு, ஆணி, பனி வாருகிற மண்வெட்டி,
பின்சுவர் முழுக்கப் பெயிண்ட் டப்பாக்கள்.

இருட்டு மாதத்தில் நிறம் வாங்காதே என்று
வருகிற எல்லோரிடமும் சொல்வேன்.
வியாபாரிக்கு அழகில்லை, தெரியும்.
குழல்விளக்கின் கீழே எல்லா நிறமும் நல்ல பிள்ளை.
ஜனவரியில் வெயில் வந்து விசாரிக்கும்போதுதான்
ஒவ்வொன்றின் குணமும் வெளியே வரும்.

குன்வோர் சொன்னால் கேட்கிறவளா?
நண்டு ஆலையில் எடை போடுகிறவள்,
தராசில் வைக்கும் முன்பே கிராம் சொல்கிற கை.
டிபன் டப்பாவைக் கல்லாவின் மேல் வைத்துத் திறந்தாள்.
பாதியாய் அரிந்த அவித்த முட்டை.
“இந்த மஞ்சள்” என்றாள்.
“சமையலறை, நாலு சுவருக்கும்.”

அந்த வீட்டை எனக்குத் தெரியும்.
பதினெட்டு வருஷம் அதற்கு வெள்ளை விற்றவன் நான்.
பால்வெள்ளை, ஓட்டுவெள்ளை, வெறும் வெள்ளை என்று
ஸ்டைனார் வந்து வாங்கிப் போவான்.
விற்கிற அன்றைக்கு விலை இறங்காது என்பான்.
வீட்டை விற்கவில்லை.
அவன்தான் போனான், ஈஸ்டருக்கு மறுநாள், ஆல்டாவுக்கு,
சோபாவையும் நாயையும் ஏற்றிக்கொண்டு.
அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.
முட்டையைப் பற்றிப் பேசினோம்.

நிறம் படிக்கிற எந்திரத்துக்கு முட்டை பிடிபடவில்லை,
ஈரத்தில் கண் வழுக்கியது.
நானே கலந்தேன்.
மஞ்சள், செம்மண் கொஞ்சம்,
பளபளப்பு அடங்கட்டும் என்று கறுப்பு ஒரு சொட்டு.
அதற்குள் கரு காய்ந்து ஓரம் வெளுத்துவிட்டது.
எதற்குப் பொருத்துவது,
வந்தபோது இருந்த முட்டைக்கா, இப்போதைய முட்டைக்கா
என்று நான் யோசித்துக்கொண்டிருக்க,
“பசிக்கிறது” என்று அவள்
சாட்சியையே தின்றுவிட்டாள்.

அப்புறம் இரண்டு மாதம்
துறைமுகத்திலிருந்து பார்த்தால் ஒரு சன்னல் மட்டும்
அடுப்புக்குள் எட்டிப்பார்த்த மாதிரி இருந்தது.
தபால்காரி பார்த்துவிட்டு வந்து சொன்னாள்:
இழுப்பறைகளுக்கு உள்ளேயும் அடித்திருக்கிறாளாம்.
நாலு நாற்காலி நாலு நிறமாம்.
வலையிலிருந்து அறுந்த மிதவைகள்
அலமாரி மேலே, தேங்காய் அடுக்கினாற்போல்.

கோட்டையில் பீரங்கி வெடித்தது.
பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை.
“வந்து பார்” என்று போன் செய்தாள்,
குரலை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

உள்ளே நுழைந்ததும் கண்டேன்.
பச்சை.
பனியின் நீலம் சன்னல் வழியே ஏறி
நாலு சுவரையும் பச்சையாக்கியிருந்தது,
ஊறுகாய் வெள்ளரியின் பச்சை.
மஞ்சளில் கறுப்பு விழுந்தால் பச்சைக்குத் திரும்பும்,
தொழிலில் முதல் பாடம்.
யாருக்குச் சொல்லித்தர வேண்டும்? எனக்கா?

“மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம்” என்றேன்.
“சும்மா இரு” என்றாள்.

மேட்டுக்கு மேலே சூரியன் தலையை நீட்டியது.
கடிகாரத்துக்குப் பக்கத்தில்
ஒரு துவாலை அகலத்துக்கு வெயில் விழுந்தது.
அங்கே மட்டும்,
அந்தத் துவாலைக்குள் மட்டும்,
முட்டை.
அரிந்து இன்னும் காயாத முட்டை.

அது சுவரில் நகர்ந்தது. நாங்கள் நகரவில்லை.
காப்பி ஆறிக்கொண்டிருந்தது.
மங்கப்போகிற நேரத்தில் அவள் எழுந்து
காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து
புதுப் பெயிண்ட் என்றும் பார்க்காமல்
வெயிலின் ஓரத்தில் ஒரு கோடு கிழித்தாள்.
“நாளைக்கு அந்த ஆணி வரைக்கும் வரும்.”

மறுபடியும் பச்சை.
அவள் விளக்கைப் போடவில்லை.

திங்கட்கிழமை கடை திறந்தேன்.
கல்லாவின் மேல் செய்தித்தாள் பொட்டலம்,
பிரித்தால் அவித்த நண்டுக்கால் ஒன்று,
என் முழங்கை நீளம்.
“வாசல் கதவுக்கு” என்றாள் குன்வோர்.
“இந்தச் சிவப்பு.
நிதானமாகக் கலக்கு,
சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.”