ஒரு டீக்குள்

மணலி எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர்கள் நகராத காலை.
டூல் பெட்டியை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு
லாரிகளின் இடுக்கில் நுழைந்து போனேன்.
கம்பெனி கேட்டில் தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.
உள்ளே, சட்டத்துக்குப் பயந்து வளர்த்த பச்சை:
வேலியோரம் புங்கன், நடுவில் புல்,
புல்லின் மேல் இன்னதென்று சொல்ல முடியாத சாம்பல்.

ஷெட்டில் அந்தச் சின்ன டிராக்டர்,
வயிற்றுக்கடியில் புல்வெட்டும் தட்டு.
"தூக்குது. நிக்க மாட்டேங்குது" என்றாள் நவநீதம்.
ஒன்பது வருஷமாகக் காண்டிராக்ட்டில் ஓட்டுகிறவள்.
"எவ்ளோ நேரத்துல எறங்குது?"
"ஒரு டீக்குள்ள."
"சூடான டீயா, ஆறுன டீயா?"
சிரிக்கவில்லை. யோசித்தாள்.
"சூடு. ஊதி ஊதிக் குடிக்கிறது."

எண்ணெயில் நுரை இல்லை, மோர் நிறம் இல்லை.
தூக்குகிறதே, பம்ப் மேல் பழி போட முடியாது.
எனக்கு முன்னால் வந்தவன் போட்டிருக்கிறான்.
வண்டியிலேயே பெயின்ட் பளபளத்தது
அந்தப் புது பம்ப் ஒன்றில்தான்.

தட்டுக்கடியில் சவுக்குக் கட்டை கொடுத்து
லீவரை இருபக்கமும் தள்ளி அழுத்தம் போக்கி
ஹோஸைக் கழற்றி, சிலிண்டரின் வாயை அடைத்தேன்.
கட்டையை உருவினேன்.
இருவரும் குந்தி உட்கார்ந்து பார்த்தோம்.
ஒரு டீ நேரம்.
இன்னொரு டீ நேரம்.
எந்தக் கம்பெனியிலோ சங்கு ஊதியது.
இறங்கவில்லை.
சிலிண்டர் யோக்கியம். அப்போ வால்வு.

வால்வைப் பிரிக்கப் போன கை
லீவர் கம்பியின் முனையில் நின்றது:
பின் இருக்க வேண்டிய துளையில்
கறுத்த ஒரு கொண்டை ஊசி.
"அது என்னுது. பின்னு ஒடஞ்சிப்போச்சி,
ஸ்டோர்ஸ்ல எழுதிக் குடுத்து ஒரு தீவாளி போயிட்ச்சி."
பிறகு, குரல் இறங்கி,
"அதாலயா?"

ஊசியை உருவினேன்.
வால்வின் தண்டு தன் ஸ்பிரிங்கில் தானே நடுவுக்கு வந்தது.
கம்பியின் துளை வரவில்லை,
நகக்கண் அளவு தள்ளி நின்றது.
இல்லைம்மா, ஊசி பிடித்துத்தான் இருந்திருக்கிறது.
பம்ப் மாட்டியவன் கம்பியைச் சுருக்கிவிட்டான்.
நியூட்ரல் என்று லீவர் நின்ற இடம்
உள்ளே நியூட்ரல் இல்லை.
ஒருக்களித்த கதவு.
அதன் வழியேதான் தட்டு தினமும் இறங்கி
புல்லை வேரோடு சிரைத்திருக்கிறது,
இவளுக்கு இரண்டு மெமோ வந்திருக்கிறது.

லாக் நட்டைத் தளர்த்தி மூன்று சுற்று.
துளைக்குத் துளை நேரானதும் என்னிடமிருந்த பின்னைப் போட்டேன்.
ஊசியைத் துடைத்துக் கொடுத்தேன்,
சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டாள்.

சாப்பிட்டு வந்து பார்த்தால் தட்டு நின்றது.
முழுசாக இல்லை, இரண்டு விரல் இறங்கியிருந்தது.
தண்டும் தேய்ந்திருக்கு என்றேன், மறைக்காமல்.
கை வைத்து அளந்தாள்.
"என் விரலுக்கு ரெண்டரை. பரவால்ல, ஷிஃப்ட் தாங்கும்."

பில்லில், மாற்றிய பாகம்: பின் ஒன்று, ஆறு ரூபாய்.
ஆறு ரூபாய்க்கா அரை நாள் கூலி என்றார் பர்சேஸ்காரர்.
கூலியில் ஐம்பது குறைத்தார்.
குறிப்பு என்ற கட்டம் காலியாக இருந்தது.
எழுதினேன்: புல் சிரைந்ததற்கு டிரைவர் காரணம் அல்ல.
படிக்காமலே
சீல் வைத்துத் தந்தார்.