நான்காவது கட்டில்

கிளாட்ஸ்டன் போலந்துக்குப் போன வாரம்
குதைபியாவில் எங்கள் அறையில்
ஆறடிக்கு இரண்டரை அடி காலியானது.
மாதம் இருபத்தெட்டு தினார் என்பது
அந்த இடத்தின் இன்னொரு பெயர்.
ஆள் பிடி, என்றார் மீரான்.
நான் பிடித்து வந்தது ஆளில்லை.

சல்மாபாத் காயலான் கடையில்
கிழிந்த சோபாக்களுக்குப் பின்னால்
சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.
மூடிப்போன ஏதோ ஓட்டலின் விளையாட்டுக் கூடத்துச் சரக்கு.
பன்னிரண்டு தினார், பிக்கப்புக்கு ஐந்து.
லிஃப்ட் ஏற்றுக்கொள்ளவில்லை.
மூன்று மாடி, நான்கு பேர்,
படிக்கொரு கெட்டவார்த்தை
தமிழில் ஒன்று, சில்ஹெட்காரர் பாஷையில் ஒன்று.

பின்பலகையைக் கழற்றினால்
கரப்பான் சிறகுகள், மூடியில்லாத பேனா,
இரண்டு சவுதி ஹலாலா,
நூறு ஃபில்ஸ் பதினொன்று.
மீரான் உடனே எண்ணி நோட்டில் ஏற்றினார்.
அவர் கோல்டு ஸ்டோரில் கல்லாவில் இருப்பவர்.

ஸித்ராவில் குழாய்களின் அழுத்தமானிகளைச்
சரிபார்ப்பது என் பிழைப்பு.
அடைத்துக் கிடப்பது எதுவானாலும்
எனக்கு மரியாதை உண்டு.
பிக்சர் ட்யூபில் மின்சாரம்
பிளக்கைப் பிடுங்கிய பிறகும் விழித்திருக்கும்.
ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு
எர்த் வயர் சுற்றிய ஸ்குரூ டிரைவரை
ரப்பர் தொப்பிக்கடியில் நுழைத்தேன்.
டப்.
வடமலை கட்டில்மேல் ஏறி நின்றான்.

வயிறு உப்பிய கெப்பாசிட்டர் பதினேழு.
பாப் அல் பஹ்ரைன் சந்தில் பதினாறுதான் கிடைத்தது,
ஒன்று வடமலையின் செத்த ரேடியோவிலிருந்து.
அது நூறு வோல்ட் ஊரில் பிறந்த பிள்ளை,
அதற்கென்று தனியாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர்.
அடிப்பலகை, யாரோ வருஷக்கணக்கில் துடைத்த ஈரத்தில்
ரஸ்க் போல உதிர்ந்தது.
கிளாட்ஸ்டன் கட்டிலின் பலகையை அறுத்து
அடியில் கொடுத்தேன்.
மூட்டைப்பூச்சிக்கு அவன் அடித்த மருந்து
இன்னும் மணக்கிறது.

ஏழாவது வெள்ளிக்கிழமை
படம் வந்தது, தலைகீழாக.
மூன்று பேரும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு
கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தோம்.
பிறகு இரண்டு வயரை மாற்றிப் போட்டேன்.

உள்ளே இருந்தது விண்கப்பல் ஆட்டத்து போர்டு.
கண்ணாடியில் எரிந்து பதிந்திருந்ததோ
அதற்கு முன்னால் ஓடிய வேறோர் ஆட்டம்.
முட்டுச்சந்துகள், திருப்பங்கள், நடுவே ஒரு சதுர வீடு.
அணைத்தாலும் சாம்பல் நிறத்தில் நிற்கும்.

பொட்டி தன் பங்கைத் தானே கட்டட்டும், என்றார் மீரான்.
காசு வாயை நூறு ஃபில்ஸுக்கு முடுக்கினேன்.
முதல் மாதம் ஏழு தினார் தொள்ளாயிரம்.
மீதிக்கு ஆளுக்கு ஆறு தினார் எழுநூறு.
நோட்டில் கிளாட்ஸ்டன் பெயரை அடித்து
மேலே "பொட்டி" என்று எழுதியாயிற்று.

என் இடத்தில் யாருடா, என்று கேட்டான் வார்சாவிலிருந்து.
ஒருத்தன் இருக்கான்.
வாடகை ஒழுங்கா தர்றானா?
பாதிக்கும் கம்மி.
குறட்டை?
சத்தத்தைக் குறைச்சு வெச்சிருக்கோம்.

இரண்டாம் மாதம் ஒரு காலையில்
திரையில் கிரெடிட் ஒன்பது என்று நின்றது.
காசு போட்டவர் ஆடவில்லை.
மீரான் குனிந்து ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்,
ரொம்ப நேரமாக.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
அந்த ஒன்பதைத் தொடவும் கை வரவில்லை.
மறுநாள் ஃபியூஸ் போய் பூஜ்யமாயிற்று.

தூக்கம் வராத இரவுகளில்
என் காசைப் போட்டு ஆடுகிறேன்.
ஏசி சொட்டும் பக்கெட்டின் ஓசைதான் பின்னணி.
என் கப்பல்
இன்னோர் ஆட்டத்தின் சுவர்களுக்குள்
முட்டாமல் நுழைந்து போகிறது.
அந்தச் சதுர வீட்டைத் தாண்டும்போது மட்டும்
காரணமில்லாமல் சுடுவதை நிறுத்துகிறேன்,
செத்துப்போகிறேன், மறுபடி நூறு ஃபில்ஸ்.

இடது பக்கம் இன்னும்
சில நேரம் ஒட்டிக்கொள்கிறது.
வெள்ளிக்கிழமை பிரித்துப் பார்க்க வேண்டும்.