கூட்டக் குறிப்பில் எழுதாதது

ஒக்ரோபர் முதல் சனி. சிரமதானம்.
வந்த பெற்றோர் பத்தொன்பது,
மன்னிப்புக் கேட்டவர் மூவர்.
தேத்தண்ணிச் செலவு, ஆணி இரண்டு கிலோ,
லான்ட்மாஸ்டருக்கு டீசல்.
கொப்பியில் இவ்வளவும் இருக்கிறது.
மற்றதை இங்கே எழுதுகிறேன்.
செயலாளருக்கு அதற்கு அனுமதியில்லை.

முத்தையன்கட்டு வாய்க்கால் ஓரம்
எங்கள் மொன்ரிசோரி.
அரைச் சுவர், மேலே தகரம்,
பதினேழு பிள்ளைகள், பதினேழு பாய்த்துண்டு.
உடையக்கூடிய கண்ணாடிக் குவளையில்தான்
பிள்ளைகள் தண்ணீர் வார்த்துப் பழகவேண்டும் என்று
ஜெயரூபி ரீச்சர் சொன்னபோது
"உடைச்சால் ஆர்ரை காசு?" என்று கேட்டது நான்தான்.
இதுவரை உடைந்தது மூன்று.
அதில் இரண்டு, பெரியவர்கள் உடைத்தது.

சாமான்களைக் கொழும்பில் விற்கிறார்கள்.
விலையைக் கேட்டோம்,
பிறகு நாங்களே செய்தோம்.
வாய்க்கால் மணலை அரித்து
எழுத்துகளின்மேல் பசை பூசித் தூவினார்கள் தாய்மார்.
ழகரத்தின் வால் மட்டும்
மாரிக்குணத்தில் காயவே இல்லை.
யோகதாசன் மரக்காலையில் கழிவு முதிரை கேட்டு வாங்கி
பத்துக் கட்டை அறுத்தார்.
பத்துச் சென்ரிமீற்றர், ஒன்பது, எட்டு என்று இறங்கி
கடைசிக் கட்டை ஒரு கச்சான் பருப்பளவு.
கோயில் மதிலுக்கு அடித்த மிச்சச் சிவப்பில்
வெள்ளை கலந்து றோஸ் ஆக்கினோம்.
ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் கோபுரம்.

வெளியே பலகையில் காயவைத்தது.
பின்னேரம் எண்ணினால் ஒன்பது.

"சின்னத் துண்டுதானே" என்றேன்.
யோகதாசன் என்னைப் பார்க்கவில்லை.
அவர் மகள் பார்த்தாள்.

எல்லோரும் முற்றத்தில் இறங்கிச்
சருகைக் காலால் கிளறத் தொடங்கினோம்.
"ஒருத்தரும் நடக்காதேங்கோ."
சுகிர்தா.
விடிய நாலரைக்கு வாகனம் வந்து ஏற்றிப் போகும்
கண்ணிவெடி எடுக்கிற வேலை, எட்டு வருசமாய்.
என் குறிப்புகளில் அவவின் பெயர்
எப்போதும் மன்னிப்புக் கேட்டவர் வரிசையில்.

கயிறு கேட்டா. முளை அடித்தா.
முற்றத்தை ஒரு மீற்றர் அகலப் பாதைகளாய்ப் பிரித்தா.
பாதைக்கு ஓர் ஆள், முழங்காலில்.
"கிளறாதேங்கோ, தடவுங்கோ.
பாத்து முடிச்ச இடத்துக்குத் திரும்பிப் போகாதேங்கோ."
பிள்ளைகளும் கேட்டார்கள்.
அவர்களுக்கும் ஒரு பாதை, ஓரத்தில்.

சட்டைப் பொத்தான். ரொபித்தாள்.
செத்த வண்டு ஒன்று. இரண்டு ரூபாய்க் குத்தி.
ஆறாம் பாதையில் பகீரதன் கையை நிறுத்தினார்.
துரு. வளைந்த விளிம்பு.

ஒவ்வொரு காலையும் ரீச்சர் பிள்ளைகளை
ஒரு நிமிடம் சத்தமில்லாமல் இருக்கப் பழக்குவா.
ஊசி விழுந்தால் கேட்கவேண்டும் என்பா.
அன்று ஒருவரும் பழக்கவில்லை.
வாய்க்கால் ஓடுவது கேட்டது.

சுகிர்தா தன் பாதையாலேயே வந்து
குனிந்து, மெதுவாக ஊதினா.
"சைக்கிள் மணியின்ரை மூடி."
உடனே ஒருவரும் சிரிக்கவில்லை.
யதுசன்தான் முதலில், மூன்றரை வயது,
"கிளிங்" என்றான்.
அதன் பிறகு நிறுத்த முடியவில்லை.

கட்டையை எடுத்தது பிள்ளைகளின் பாதையில், தர்மிகா.
ஈரப் பெயின்ற்றில் ஆறு பக்கமும் மணல் அப்பி
றோஸ் எங்கே என்று தெரியவில்லை.
தேய்த்துத் தரட்டா என்றார் யோகதாசன்.
ரீச்சர் யோசித்துவிட்டு வேண்டாம் என்றா.
இப்போது கோபுரத்தின் உச்சி மட்டும் சொரசொரப்பு.
கண்ணை மூடித் தடவினாலும்
இதுதான் கடைசி என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

போகும்போது சுகிர்தா கேட்டா,
"அடுத்த கூட்டம் எப்ப? ஞாயிறெண்டால் வருவன்."
இனி ஞாயிறு என்று எழுதினேன்.
முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர்
இடங்களை வெறுமையாய் விட்டிருக்கிறேன்.

கயிற்றை அவிழ்க்க மறந்துபோனோம்.
திங்கள் காலை பிள்ளைகள்
விரல் நுனியில் குதிகாலை முட்டவைத்து
ஒவ்வொருவராய் அதன்மேல் நடந்துகொண்டிருந்தார்கள்.
கயிறு மில்லுக்காரர் வீட்டுக் கயிறு.
திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று
அதையும் கொப்பியில் எழுதவேண்டும்.
இன்னும் எழுதவில்லை.