அணைக்காமல் மாற்றுவது

அவள் மடிக்கணினியைக் கொண்டு வரவில்லை.
ஒரு காகிதம் கொண்டு வந்தாள்.
சார்ஜர் முனையை நிஜ அளவுக்கு வரைந்திருந்தாள்:
வெளிவட்டம், உள்வட்டம், நடுவில் மெல்லிய ஊசி.
கீழே பேட்டரியின் அடிவயிற்றில் பார்த்து எழுதிய எண்.
ஐந்தாவது எழுத்து பூஜ்யமா, ஓ-வா
தெரியவில்லை என்று பென்சிலில் ஒரு கேள்விக்குறி.

பேட்டரி எங்கே என்றேன்.
உப்பிவிட்டதாம். மூடி பிதுங்கியதும் கழற்றி
முற்றத்து மண்ணில் வைத்திருக்கிறாளாம்,
அதோடு பஸ் ஏறப் பயமாம்.

லா பாஸில் எங்கள் தெருவில் முப்பது கடை இருக்கும்.
எல்லோரிடமும் பேட்டரி உண்டு,
அந்தப் பேட்டரி யாரிடமும் இல்லை.
"இதைச் செய்வதை நிறுத்தி ஒன்பது வருடம், அம்மா."
"நான் நிறுத்தவில்லையே," என்றாள்.
"கணினியைக் கொண்டு வாருங்கள், பொருத்திப் பார்ப்போம்."
"அது வராது."

நான்கு நாள் அலைந்தேன்.
வோல்ட் சரியென்றால் முனை பருமன்,
முனை சரியென்றால் ஊசி இல்லை;
ஊசி இல்லாத சார்ஜரை அந்த ஜாதிக் கணினி
யாரோ எவரோ என்று பார்க்கும்.
கடைசியில் இக்கீக்கே துறைமுகத்திலிருந்து வந்த
கழிவு மூட்டையில் சார்ஜர் கிடைத்தது,
ஒரூரோவில் ஒருவனிடம் பேட்டரி. அசல் இல்லை, நகல்.
பிளாஸ்டிக் காது ஒன்று அரை மில்லிமீட்டர் அதிகம்.
அரம் போட்டுத் தேய்த்தேன்.
வேறொரு கணினியில் மாட்டி
அறுபத்து நான்கு சதவீதம் ஏற்றினேன்.

கம்பிவடத் தொட்டியில் எல் ஆல்ட்டோவுக்கு ஏறினேன்.
குளிரில் கருகிய புல், சாயம் பூசாத செங்கல் வீடு.
மேசைமேல் அது ஓடிக்கொண்டிருந்தது.
நைந்த வயரை ஒரு கோணத்தில் மடக்கி,
அதன்மேல் காய்ந்த உருளைக்கிழங்குப் பை.
பக்கத்தில் எம்பிராய்டரி இயந்திரம்,
மொரேனாதா ஆட்டக்காரரின் அங்கி,
அதில் இறக்கை பாதியில் நின்ற கழுகு.
கீழே தரையில் அவள் படுக்கை.

பதினான்கு மாதமாக அணைக்கவில்லை என்றாள்.
அணைத்தால் கடவுச்சொல் கேட்கும்.
"யாருக்குத் தெரியும்?"
மோவாயால் சுவரைக் காட்டினாள்.
நேற்றைய சிமெண்ட் போலத் தெரிந்த சுவர்,
கூடத்தை நட்டநடுவே வெட்டிக்கொண்டு போனது.
பிரிந்தபோது தையல் இயந்திரம் இவளுக்கு,
வேன் எர்மோஹேனஸுக்கு.
கடவுச்சொல் யாருக்கு என்று
நீதிபதி கேட்கவே இல்லை.

"போய்க் கேட்டால் ஒரு நிமிட வேலை," என்றேன்.
தெல்பீனா யுஹ்ரா என்னைப் பார்த்த பார்வையில்
பேட்டரியைப் பையிலிருந்து எடுத்துவிட்டேன்.

உறையில் நுழைத்தேன். காது இடித்தது.
எடுத்து இன்னும் இரண்டு இழுப்பு அரம்.
க்ளிக்.
திரையோரத்தில் அறுபத்து மூன்று.
"இப்போது பழைய வயரைப் பிடுங்குங்கள்."
"நீங்களே."
பிடுங்கினேன்.
திரை மங்கியது.
அவள் கை என் சட்டையை முதுகோடு பிடித்தது.
"பேட்டரியில் ஓடினால் மங்கும், அவ்வளவுதான்,"
என்றது என் வாய். நெஞ்சு வேறென்னவோ சொன்னது.
புதிய முனையைச் செருகினேன்.
ஊசி தன் துளைக்குள் போய் உட்கார்ந்ததும்
வெளிச்சம் திரும்பியது.
அவள் ஒரு பொத்தானைத் தட்டினாள்.
கழுகு விட்ட இடத்திலிருந்து இறக்கையைத் தொடர்ந்தது.

வெளியே பக்கத்து வாசலில் ஒரு மனிதர்,
வேன் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.
"எவ்வளவு வாங்கினாய்?"
"எழுநூற்று இருபது."
"அதிகம்."
நாலைந்து தடவை பம்பை அழுத்திவிட்டு,
"ஓடுகிறதா?"
"ஓடுகிறது."

அவர் தலைக்குமேல் மீட்டர் பெட்டி.
இரண்டு வீட்டுக்கும் ஒன்றே ஒன்று.
மெயின் சுவிட்ச் அவர் பக்கம்.
யாரும் தெரியாமல் தட்டிவிடாதபடி
அதன்மேல் கறுப்பு நாடா,
மூன்று சுற்று, நன்றாக இழுத்து ஒட்டியது.
ஓரங்களில் பழைய தூசி.

பாதி வழியில் நினைவு வந்தது,
ஆறு மாத உத்தரவாதச் சீட்டு
என் பையிலேயே இருக்கிறது.